கம்பெனி செட்டா, வெளி செட்டா?

எங்கள் காரின் டாஷ்போர்டில், பாட்டுச் செட்டு இருக்க வேண்டிய இடத்தில், இன்று ஒரு நீள்சதுரப் பள்ளம் இருக்கிறது. அதன் ஓரத்துப் பிளாஸ்டிக்கில் நகக் கீறல்கள் உண்டு. அடிப்பக்கத்தில், எவ்வளவு துடைத்தும் போகாத ஒரு பழுப்புக் கறை உண்டு. அப்பா அந்தப் பள்ளத்தில் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொள்கிறார். புதிதாக வண்டியில் ஏறுகிறவர்கள், "செட்டு களவு போயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் எனக்கு மேடைப் பழக்கம். பாதிப் பதிலோடு இறங்கத் தெரியாது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பள்ளி நாள் முதலே நான் சொற்போர் செய்கிறவள். மைசூரில் தேவாலய ஆண்டுவிழாப் பட்டிமன்றங்களில் தமிழிலும், கல்லூரி மேடைகளில் கன்னடத்திலும் பேசுகிறேன். எதிரணியின் வாதம் எந்த இடத்தில் மூச்சு விடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கை வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதை மறைக்கும் எண்ணம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் கலைக்கு வாய்ப்பு ஏராளம், பயன்தான் குறைவு. எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் வாய் தோற்குமிடத்தில் கையை எடுப்பவர்கள். அடுக்களைச் சுவரில் அப்பா வீசிய செம்பின் தழும்பு இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அண்ணனுடைய முஷ்டியின் குழி இருக்கிறது. அந்தக் குழியின்மேல் அம்மா ஒரு மாதா படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள்.

அப்பா மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து இளம் வயதில் மைசூருக்கு வந்து ஆலையில் சேர்ந்தவர். தகடு அழுத்தும் இயந்திரம் ஒருநாள் அவருடைய இடக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. அதற்கு ஆலை கொடுத்த இழப்பீட்டில்தான் இந்தக் கார் வந்தது. உறவினர்கள் இதை "விரல் வண்டி" என்பார்கள், அப்பாவின் காதில் விழாதபடி. வேலையை விட்ட பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த வண்டி ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும் அப்பாவின் உத்தியோகம். அதற்காக அவர் சவரம் செய்துகொள்வார், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வார்.

நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். ஆகவே கியருக்கும் பாட்டுச் செட்டுக்கும் போக வேண்டியது இடக்கை. காரோடு வந்த கம்பெனி செட்டில் ஒரு உருண்டைக் குமிழ் இருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் கிள்ளிப் பிடித்துத் திருப்புவார், கண் சாலையை விட்டு நகராது. ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்தில் இருந்த பொத்தான்களுக்குக் கட்டைவிரல் ஒன்றே போதும். அவருடைய கைக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்துவிட்ட பொருள் உலகில் அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு அந்தச் செட்டு பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவனும் அதே காரைத்தான் எடுத்துப் போவான். வரைபடம் தெரிய வேண்டும், பின்னால் வருவதைக் காட்டும் கேமரா வேண்டும், பேஸ் அதிர வேண்டும். ஆகவே கடையில் வாங்கிப் பொருத்தும் பெரிய தொடுதிரைச் செட்டு வேண்டும் என்றான். அதில் குமிழ் கிடையாது. கடையில் வைத்திருந்த மாதிரித் திரையை அப்பா ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இயந்திரத்தில் நசுங்கி, தழும்பேறிக் காய்த்துப்போன மோதிரவிரல் நுனியைக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் செட்டு வந்தால், அதை இயக்க முடியாத கை என்று சொல்லி அப்பாவை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கிவிடலாம். அண்ணனுக்கு வேண்டியதே அதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேச்சு மட்டும் எப்போதும் செட்டைப் பற்றியே நடந்தது.

அண்ணன் அப்படி நினைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. மண்டியாவில் ஒரு பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கிக்கொண்டு நாங்கள் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சைகை காட்டாமல் சாலைக்குள் திரும்பியது. அப்பா பிரேக்கை மிதித்தார். எங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி டிரெய்லரின் இரும்பில் உரசிச் சிதறியது. டிராக்டர்காரன் இறங்கி வந்தான்.

"கண்ணு காணல்வா நிங்கே?" என்றான், கண் தெரியவில்லையா உனக்கு என்று. கையிலிருந்த கரும்பால் எங்கள் பானட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தான்.

அப்பா கதவைத் திறந்தார். இறங்கும்போது என் மடியிலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டார். பளிங்குப் பீடமும் பித்தளைத் தகடும் கொண்ட என் கோப்பை. "அப்பா, அது என்னோடது!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பளிங்குப் பீடம் டிராக்டரின் முகப்பு விளக்கில் இறங்கியது. கண்ணாடி உதிர்ந்தது. கரும்பு அப்பாவின் தோளில் விழுந்தது, திரும்ப ஓங்கியது, மறுபடி விழுந்தது. அப்பா கோப்பையை விடவில்லை. இரண்டாவது விளக்கையும் உடைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அண்ணன் அவரைச் சட்டைக் காலரோடு இழுத்து வந்து பின்னிருக்கையில் தள்ளி, தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தான். தம் காரில் அப்பா பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்தது அன்றுதான் முதல் தடவை. வீடு வரும்வரை அவர் என் கோப்பையிலிருந்து கண்ணாடித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே அண்ணன் வெளி செட்டை வாங்கி, பெட்டியோடு கூடத்தில் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெட்டி பேச்சுக்கு வந்தது.

"ஏய் மைக்கு," என்றான் அண்ணன். வீட்டில் எனக்கு அவன் வைத்த பட்டம் அது. "நீயே ஜட்ஜா இரு. கம்பெனி செட்டா, வெளி செட்டா? ஆனா மேடையில போடற ரம்பத்த இங்க போடாதே."

"ஜட்ஜா இருந்தா பேச முடியாது. நான் அப்பா கட்சி."

"தெரியுமே. கப்பால லைட்ட உடைச்ச கட்சி."

நான் எழுந்து நின்று பேசினேன். உட்கார்ந்து வாதிடுவது எனக்குப் பழக்கமில்லை. அண்ணன் சொன்ன வரைபடம் அவன் கைப்பேசியிலேயே இருக்கிறது என்றேன். வெளி செட்டை மாட்டினால் ஸ்டீயரிங்கின் பொத்தான்கள் செத்துப்போகும் வாய்ப்பு உண்டு. ஏதாவது கோளாறு வந்தால் ஷோரூம்காரன் கடைக்காரனைக் கைகாட்டுவான், கடைக்காரன் ஷோரூம்காரனைக் கைகாட்டுவான் என்றேன். கண் எடுக்காமல் இயக்கக்கூடிய கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணைக் கேட்கும் கருவியை வைப்பது பாதுகாப்பு என்றால், பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டும் என்றேன். கடைசியாக, தாழ்ந்த குரலில், "இந்த வண்டியில் அப்பாவுடைய இரண்டு விரல்கள் இருக்கின்றன. மிச்சமுள்ள மூன்று விரல்களுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் இதில் இருக்க வேண்டும்" என்று முடித்தேன். எந்த அரங்கிலும் கைதட்டு விழுந்திருக்கும். அதை இன்றும் அப்படியே சொல்வேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

அண்ணன் தட்டைத் தள்ளினான். "அந்தக் கையப் பத்திதான் நானும் பேசறேன். அந்தக் கைய நம்பித்தான் தினம் அம்மாவ ஏத்தி அனுப்பறோம். நாளைக்கு ஒரு லாரி…"

அவன் முடிக்கவில்லை. அப்பாவின் கறிக்குழம்புக் கிண்ணம் அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அண்ணன் எழுந்து, அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலை உதைத்தான். அப்பா தரையில் விழுந்தார். விழுந்தவர் அண்ணனின் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவனும் சரிந்தான், நெற்றி மேசை விளிம்பில் மோதியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து நடுவில் நின்றாள். அவள் தோளுக்கு மேலாக அண்ணன் கத்தினான்:

"ஹோகி சாயி!"

போய்ச் செத்துத் தொலை என்பது அதற்குப் பொருள். அண்ணன் எங்களோடு பேசுவது தமிழ், கோபப்படுவது கன்னடம். நண்பர்களோடு அடித்துப் புரண்ட தெருவின் மொழி அது. அவனுடைய வசவெல்லாம் அங்கிருந்துதான் வரும். வழக்கமாக அந்த வசவுகளுக்கு அப்பாவும் அதே மொழியில் திருப்பிக் கொடுப்பார். அன்று கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே சட்டையில் ஒட்டியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு, "மாத்திக்கோ," என்றார்.

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தான்.

"மாத்திக்கோடா. ஆனா நானும் கூட வருவேன். ஒரு வயரும் வெட்டக் கூடாது. கப்ளரக் கழட்டி, பழைய செட்ட முழுசா என் கையில குடுக்கணும்."

கப்ளர் என்பது வயர்க் கொத்தின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் செருகி. அதைக் கழற்றினால் பின்னொரு நாள் பழைய செட்டை அப்படியே திரும்ப மாட்டலாம். வயரை வெட்டிவிட்டால் முடியாது. அப்பா இருக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு, திரும்பி வர ஒரு வழியை மட்டும் கேட்டுக்கொண்டார். வாதத்தில் வென்றது எங்கள் கட்சி, சரணடைந்ததும் எங்கள் கட்சி. அப்படியொரு தீர்ப்பை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மைசூரின் பழைய கடைத்தெருவான மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். செட்டுக் கடை ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். வேலை முழுவதும் தெருவில், வண்டியை ஓரமாக நிறுத்தி வைத்துத்தான். ஒருபக்கம் வரிசையாக ஸ்கூட்டர்கள், மறுபக்கம் ஆட்டோக்கள், நடுவில் மூட்டை வண்டி ஒன்று வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பொருத்துகிற ஆள் பருத்த உடம்போடு இடப்பக்க இருக்கையில் ஏறி, வாயில் ஒரு சிறு டார்ச்சைக் கடித்தபடி, டாஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பத் தொடங்கினார். சாவியைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டியிருந்ததால் அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். அப்பா அவன் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே நின்றார். நான் புதுச் செட்டுப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி கடைப்படியில் நின்றேன். அண்ணனும் அப்பாவும் காலையிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கவில்லை.

சட்டம் படக்கென்று விடுபட்டது. கம்பெனி செட்டு பாதி வெளியே வந்து, வயர்க் கொத்தின் பிடியில் தொங்கியது. கொத்தைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுப்பதற்காக அந்த ஆள் கட்டரை எடுத்தார். அப்பாவின் கண்ணில் பட்டது கட்டர் மட்டும்தான். அது எதை வெட்டப் போகிறது என்பதை அண்ணனின் தலை மறைத்தது.

"சாயி," என்றார் அப்பா.

அண்ணன் அசையவில்லை.

"ஏய், கொஞ்சம் சாயி." குனிந்து, எட்டிப் பார்த்து, மறுபடியும் மறைக்கவே, காரின் கூரையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். "சாயின்னு சொல்றேன்ல! சாயேண்டா!"

சீட்டில் பின்னால் சாய்ந்துகொள், எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவர் சொன்னது. எங்கள் ஊர்த் தமிழில் அதற்கு வேறு பொருள் இல்லை. ஆனால் அண்ணன் அந்தச் சொல்லை முந்தின நாள் தன் வாயாலேயே கன்னடத்தில் சொல்லியிருந்தான். இரவெல்லாம் அது அவன் தலைக்குள் கிடந்திருக்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவன்தான். கோபத்தில் அவனுக்குத் திறந்திருப்பது ஒரு காது, அது கன்னடக் காது.

இடப்பக்க இருக்கையில் இருந்த ஆளின் வாயிலிருந்து டார்ச் விழுந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. "யாரிகே யஜமான்ரே?" என்று கேட்டார், தன்னையா அவனையா என்ற திகைப்போடு.

அண்ணன் மெல்லத் திரும்பினான். "நான் சாகணுமா?"

"என்னடா?"

"நேத்து சொன்னதுக்கு இன்னிக்கு வட்டியோட குடுக்கறியா? நடுத்தெருவுல வெச்சு? நீ சொல்லு, நான் சாகணுமா?"

பிறந்தது முதல் அப்பாவைத் தமிழில் "நீங்க" என்றுதான் அவன் கூப்பிட்டிருக்கிறான், சண்டையிலும் அப்படித்தான். தன் சொல் அவன் காதில் என்னவாக விழுந்தது என்பது அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டே சொல் போதும்: பின்னால, சீட்டுல. அவர் வாய் அதற்காகத் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"ஆமாண்டா. அப்படியே வெச்சுக்கோ!"

அண்ணன் கதவைத் தன் முழு பலத்தோடு திறந்தான். கதவின் விளிம்பு அப்பாவின் முழங்காலில் இறங்கியது. அவர் பின்னோக்கிப் போய் ஸ்கூட்டர் வரிசையில் விழ, முதல் ஸ்கூட்டர் இரண்டாவதைச் சாய்த்தது, இரண்டாவது மூன்றாவதை. எழுந்தவுடன் அந்த மூன்று விரல் கையாலேயே அண்ணனின் கன்னத்தில் அறைந்தார். தட்டையான ஓசை வராது அந்தக் கையிலிருந்து. எலும்பு படும் ஓசைதான் வரும். அண்ணன் அவருடைய கழுத்தைப் பிடித்து பானட்டின்மேல் மல்லாத்தினான். அப்பாவின் தலை தகரத்தில் மோதியது. பொருத்துகிற ஆள் இறங்கி ஓடி வந்து இருவருக்கும் நடுவில் புகுந்தார். யாருடைய முழங்கையோ அவர் வாயில் பட்டு, உதடு கிழிந்து, தாடியில் இரத்தம் இறங்கியது. "பாஸ், பேடா பாஸ், அப்பா அல்வா!" என்று, வேண்டாம், அப்பா அல்லவா என்று, அவர் அந்த நிலையிலும் கெஞ்சினார்.

நான் பேசினேன். ஒலிபெருக்கி இல்லாமல் அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் குரல் என்னுடையது. "அவர் சாயச் சொன்னார்! தமிழில் சாய்வது! சாவது இல்லை!" என்று தமிழிலும், உடனே கன்னடத்திலும் சொன்னேன். தெளிவாக, திருத்தமாக, இரண்டு மொழியிலும் பிழையில்லாமல். மூட்டை வண்டிக்காரர் கேட்டார். ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கேட்டாள். "ஓ, தமிழோ!" என்று ஒருவர் தலையசைக்கக்கூடச் செய்தார். கேட்க வேண்டிய இருவரும் கேட்கவில்லை. அண்ணனின் விரல்கள் அப்பாவின் தொண்டையை இன்னும் விடவில்லை. அப்பாவின் கண்வெள்ளை சிவந்துகொண்டிருந்தது. நான் படியிலிருந்து இறங்கி, கையிலிருந்த பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, அண்ணனின் முதுகுத்தண்டில் இறக்கினேன். உள்ளே திரை உடைவது என் உள்ளங்கையில் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் வைத்த மிகச் சுருக்கமான வாதம் அது. பலித்த வாதமும் அதுதான். அண்ணன் கையை எடுத்தான்.

திரும்பி என்னையும் பெட்டியையும் பார்த்தான். "நீயுமா? எல்லாரும் ஒரே கட்சி," என்றான். பிறகு அப்பாவைப் பார்த்து, "உனக்கு உன் செட்டுதானே வேணும்? வாங்கிக்கோ!" என்று சொல்லிக் காருக்குள் பாய்ந்தான்.

பாதி தொங்கிக்கொண்டிருந்த கம்பெனி செட்டை இரு கைகளாலும் பிடித்து, காலை டாஷ்போர்டில் உதைத்து, இழுத்தான். வயர்கள் நரம்பு அறுவது போல ஒவ்வொன்றாகப் பட்டுப்பட்டென்று அறுந்தன. அப்பா எதற்காகத் தெருவில் வந்து நின்றாரோ, எந்த வயருக்காகச் சாயச் சொன்னாரோ, அதெல்லாம் அந்த இழுப்பில் போயிற்று. செட்டோடு வெளியே வந்து, அதைத் தலைக்கு மேலே தூக்கி, அப்பாவை நோக்கி ஓங்கினான். செட்டின் இருபுறமும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் தகரப் பட்டைகள் உண்டு. அவற்றின் விளிம்பு பிளேடு போல இருக்கும். அது அவனுடைய வலக்கையை ஆட்காட்டி விரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை திறந்து வைத்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. ஓங்கிய கையிலிருந்து இரத்தம் முழங்கைவரை ஓடி, அக்குளில் இறங்கி, அவனுடைய வெள்ளைச் சட்டையில் பரவியது. முதலில் பார்த்தவர் அப்பா.

"கீழ போடு!" என்றார். அதுவரை நான் கேட்டிராத குரல். "போடுடா அத! விரல மடக்கு. மடக்கு! மடங்குதா பாரு!"

செட்டு தெருவில் விழுந்தது. குமிழ் தெறித்து உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. அண்ணன் தன் கையைப் பார்த்தான். மற்ற விரல்கள் மடங்கின. ஆட்காட்டி விரல் அப்படியே, யாரையோ சுட்டிக்காட்டுவது போல, நீட்டிக்கொண்டே நின்றது. ஆலையில் அப்பாவிடம் யாரோ இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

நான் துப்பட்டாவை அவிழ்த்து அந்தக் கையை இறுக்கிச் சுற்றினேன். அண்ணனின் முகம் சுண்ணாம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பொருத்துகிற ஆள், தன் உதட்டைத் தோளில் துடைத்தபடி, ஆட்டோவைக் கூப்பிட்டார். அதற்குள் அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பியிருந்தார்.

"ஏறுங்க," என்றார்.

அண்ணன் தயங்கினான். அந்த நிலையிலும் தயங்கினான். நான் அவனை இடப்பக்க இருக்கையில் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறி, அவன் கையைத் தோளுக்கு மேலாக உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். டாஷ்போர்டின் நடுவில் பள்ளம். அதிலிருந்து அறுந்த வயர்கள் தலைநீட்டி ஆடின. ஸ்டீயரிங் பொத்தான்கள் உயிரற்றுக் கிடந்தன. வண்டி நகர்ந்தது.

மண்டி மொஹல்லாவின் காலை நேரத்துச் சந்துகளைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதிரே ஆட்டோ, பக்கவாட்டில் ஸ்கூட்டர், நடுவில் கூடையோடு ஒரு ஆள். அப்பா யாரையும் திட்டவில்லை. ஓர் ஆட்டோ குறுக்கே பாய்ந்து, அதன் ஓட்டுநர் கன்னடத்தில் அப்பாவின் தாயை இழுத்துப் பேசியபோதும் அவர் கண் சாலையைவிட்டு விலகவில்லை. இடக்கையின் மூன்று விரல்களும் கியரை இறக்குவதையும் ஏற்றுவதையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வேகத்தடை வரும் இடங்களில் வண்டி ஏறி இறங்கியதே தெரியவில்லை. அண்ணனின் கை குலுங்கக் கூடாது என்று அவ்வளவு மெதுவாக எடுத்தார். இரத்தம் துப்பட்டாவைத் தாண்டி என் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு திருப்பத்தில் அண்ணனின் தலை முன்னால் கவிழ்ந்தது. பள்ளத்தில் ஆடிக்கொண்டிருந்த வயர் முனைகளை நோக்கி முகம் இறங்கியது.

"சாயி," என்றார் அப்பா.

நான் அண்ணனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து, மிகச் சிரமப்பட்டு, அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"எந்த சாயி?"

அப்பா கியரை மாற்றினார். "எங்கூரு சாயிடா," என்றார். "சீட்டுல நல்லா சாயி, சாமி. வந்துட்டோம்."

அண்ணன் சாய்ந்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா அன்று காலை ஷிப்டில் இருந்தாள். எங்களைக் கண்டதும் கத்தவில்லை; அண்ணனை ஒரு கட்டிலில் உட்கார வைத்து, துப்பட்டாவைப் பிரித்து, காயத்தைக் கழுவத் தொடங்கினாள். கழுவக் கழுவத் தண்ணீர் சிவந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தான். அப்பாவின் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களையும், வீங்கிய முழங்காலையும், என் கையிலிருந்த இரத்தத்தையும் அவள் வரிசையாகப் பார்த்தாள்.

"யாரு வெட்டினா?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"செட்டு," என்றான் அண்ணன்.

"எந்த செட்டு?"

"கம்பெனி செட்டு."

அம்மாவின் வாயோரம் துடித்தது. அழுகையா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. "வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டாள்.

மேடையில் எனக்கு இந்தக் கேள்வி கிடைத்திருந்தால் நான் எவ்வளவோ சொல்லியிருப்பேன். வாய் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

"அப்பா."

"ஒழுங்கா ஓட்டினாரா?"

"குலுங்கவே இல்லம்மா."

வாசலில் நின்றிருந்த அப்பா நொண்டியபடி உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, இரத்தம் படாத மூலை பார்த்து, அண்ணனின் கட்டில்மேல் வைத்தார். அண்ணன் அதைப் பார்த்தான். பிறகு, வலக்கை அம்மாவிடம் இருந்ததால், இடக்கையால் அந்தச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"வெச்சுக்கோங்க," என்றான்.